ஒரு காதுக்கு ஐந்து ஸ்பீக்கர்

தம்பி,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர்கள் இங்கேயே இருக்கட்டும். கல்யாணம் முடிந்து கோயம்புத்தூருக்குக் கொண்டு போகட்டுமா, இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டுமா என்று முந்தாநாள் சாப்பிடும்போது நீ கேட்டாய். உன் அப்பா முந்திக்கொண்டு, நீ ஆசைப்பட்டு வாங்கியது, நீயே கொண்டு போ என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் வந்து வாசலில் நின்றார். பேச்சு அத்தோடு நின்றுபோனது. அம்மா என்று இருப்பவள் அந்த இடத்தில், எனக்கு எதற்கப்பா அதெல்லாம், நீ எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. எனக்கு அது வேண்டும். அந்த ஐந்து ஸ்பீக்கரும், மூலையில் உட்கார்ந்திருக்கிற ஊஃபர் பெட்டியும், அந்தச் சுழல் நாற்காலியும் வேண்டும். நீயும் மௌமிதாவும் அங்கே உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை நேரிலேயே சொல்லலாமே என்று உனக்குத் தோன்றும். இந்த ஷாதிபூர் வீட்டில் கல்யாணம் முடிகிறவரை ஆள் நடமாட்டம் குறையாது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் எனக்குப் பாதிதான் வந்து சேரும் என்பது உனக்குத் தெரியும். அதோடு, பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நீ இப்படிப்பட்டவன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. எழுதினால் கூச்சம் தெரியாது. கல்யாண அலைச்சலில் நீ இதைப் படிக்க வேண்டாம். ஊருக்குப் போனபிறகு, மௌமிதாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நீதான் இந்தியில் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றிப் பெருமையாக வருகிற இடங்களை வெட்கப்பட்டு விட்டுவிடாதே.

என் இடது காது போன கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்துத்தான் தெரியும். ஒருநாள் காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. சளி என்று நினைத்தேன். உன் அப்பா மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் அந்தக் காதுக்குள் ஒரு விசில் சத்தம் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்டுக்கும் போய்ப் பார்த்தோம். சென்னையில் அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சிலருக்குக் காரணமே தெரியாமல் இப்படி ஆகிவிடும், சிலருக்குத் திரும்ப வரும், உங்களுக்கு இனி வருமென்று தோன்றவில்லை, இன்னொரு காது நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும் உன் அப்பா, ஒரு காது போதும், நான் பேசுவதைக் கேட்க அதுவே அதிகம் என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். நானும் சிரித்தேன்.

ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது போய்விடுகிறது. நான் வேலை பார்ப்பது கப்பல் டிக்கெட் கவுண்டரில். ஹட்பே, ரங்கத், நீல் என்று தீவுப் பெயர்களைச் சொல்லிக் காலையில் ஜன்னலுக்கு வெளியே முப்பது வாய் ஒரே நேரத்தில் பேசும். இந்தியில் ஒருவர், வங்காளியில் ஒருவர், தெலுங்கில் ஒருவர். முன்பெல்லாம் யார் குரல் எந்தப் பக்கம் என்று தலை நிமிராமலே தெரியும். காது போனபிறகு எல்லாக் குரலும் ஒரே இடத்தில் வந்து மூட்டையாக விழுந்தன. யாராவது "மேடம்" என்று கூப்பிட்டால் நான் வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பேன். கூப்பிட்டவர், இந்த அம்மாவுக்குத் திமிர் என்று நினைத்துக்கொள்வார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காது கேட்காதவள் என்று பெயர் எடுப்பதைவிடத் திமிர் பிடித்தவள் என்று பெயர் எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. உன்னிடமும் அப்பாவிடமும், வெளியில் யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று கேட்டு வைத்தேன்.

அதோடு பாட்டும் போயிற்று. நான் பாட்டு கேட்கிற பைத்தியம் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பாட்டு என்றால் துண்டு துண்டாக அல்ல. ஒரு ஆல்பம் என்றால் முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாறாமல். உன் அப்பா கல்யாணமான புதிதில் கப்பலில் வரும்போது சென்னையிலிருந்து வாங்கி வந்த அந்த சினிமாப் பாட்டுக் கேசட், பிறகு ஒரு அம்மா வாசித்த வீணை ஆல்பம், இந்த இரண்டும் எனக்கு மனப்பாடம். எந்தப் பாட்டு முடிந்து எந்தப் பாட்டு வரும், நடுவில் எத்தனை மூச்சு இடைவெளி என்பதுகூட. காது போன சில வாரங்கள் கழித்து, சமையல் செய்துகொண்டே போனில் ஹெட்போன் மாட்டி அந்த சினிமா ஆல்பத்தைப் போட்டேன். இரண்டாவது பாட்டில் பல்லவி முடிந்ததும் புல்லாங்குழல் வர வேண்டும். வரவில்லை. அந்தக் குழலைப் பதிவு செய்தவர்கள் இடது பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அது வர வேண்டிய இடத்தில் வெறும் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு போயிற்று. பழகிய வீட்டில் ஒரு அறையைக் காணோம் என்கிற மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றி அலமாரியில் வைத்தவள் அப்புறம் தொடவில்லை. யாராவது கேட்டால் நேரமில்லை என்பேன். நீ கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

அப்படியே நான்கு வருடம் ஓடியபிறகுதான் உனக்குச் சரவுண்ட் சவுண்ட் பைத்தியம் பிடித்தது. கடலுக்கடியில் கேபிள் வந்து, நம் ஊரிலும் இன்டர்நெட் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்தது. அதற்கு முன் ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். பழைய ஆல்பங்களையெல்லாம் இப்போது குரல் தனி, வயலின் தனி, தபேலா தனி என்று பிரித்து, கேட்கிறவனைச் சுற்றி வைத்துப் புதிதாக வெளியிடுகிறார்கள் என்று ஒருநாள் கண் விரியச் சொன்னாய். உன் செல்போன் டவர் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பெட்டியாகக் கப்பலில் வரவழைத்து, முன் அறையில் வயர் இழுக்க ஆரம்பித்தாய். உன் அப்பா கதவில் சாய்ந்துகொண்டு, "என்னல இது, வீட்டுக்குள்ள பந்தல் போடுத?" என்றார். எல்லாம் முடிந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டாய். நடுவில் ஒரு நாற்காலி போட்டு, இதுதான் அம்மா சரியான இடம், இங்கே உட்கார்ந்தால்தான் எல்லாம் சுற்றிக் கேட்கும் என்று என்னை உட்கார வைத்து, அந்த சினிமா ஆல்பத்தைப் போட்டாய். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

எனக்கு ஒன்றும் சுற்றிக் கேட்கவில்லை. ஒரே பக்கத்திலிருந்து நிறையச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். நீ அவ்வளவு ஆசையாக நின்றதால் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு காதுக்கு எதுக்கு தம்பி அஞ்சு ஸ்பீக்கர்? நீயும் அப்பாவும் கேளுங்க" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். வேறு பிள்ளையாக இருந்தால் சரி, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று தன் பாட்டைத் தான் கேட்கப் போயிருப்பான். இல்லையென்றால் இன்னும் சத்தமாக வைத்து, இப்போ கேட்குதா, இப்போ கேட்குதா என்று என்னைப் படுத்தியிருப்பான். நீ பாட்டை நிறுத்திவிட்டு, அந்த நாற்காலியில் நீயே உட்கார்ந்து வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தாய்.

அதற்கடுத்த வாரம் உனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். சாப்பிட வா என்று இரண்டு முறை சொன்னால்தான் எழுந்திருப்பாய். அன்று நான் அப்படிச் சொன்னதில் உனக்குக் கோபம், அதனால்தான் பேசமாட்டேன் என்கிறாய் என்று எனக்குள் வருத்தப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் மதியம் நீயும் அப்பாவும் அபர்தீன் பஜாரிலிருந்து திரும்பி வந்தீர்கள். உன் அப்பாவின் முகம் சிவந்திருந்தது. நீ ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கத்திலிருந்து வந்த ஆட்டோ உன்மேல் ஏறப் பார்த்ததாம். அந்த ஆட்டோக்காரர் இந்தியில் திட்டிய திட்டில் பஜாரே திரும்பிப் பார்த்ததாம். ஹாரன் அடித்தது கேட்கவில்லையா என்று வழியெல்லாம் உன் அப்பா கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் வந்து நீ காதிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தாங்கவில்லை. பஞ்சை உருட்டி, அதன்மேல் ரப்பர் அடைப்பு வைத்து, இடது காதை ஒரு வாரமாக மூடி வைத்திருந்திருக்கிறாய். கிறுக்குப் பிடித்துவிட்டதா உனக்கு என்று அவர் கத்தினார். நான் அடுப்படியில் இருந்தேன். நீ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அம்மாவுக்கு எப்படிக் கேக்குதுன்னே தெரியாம நான் எங்கப்பா கொண்டு போயி ஸ்பீக்கர வைக்க?"

எனக்குச் சட்டியில் தாளிசம் கருகிவிட்டது. காது போனதிலிருந்து எனக்காகப் பரிதாபப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உன் அப்பா உட்பட என்னைச் சிரிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். மருந்து சொன்னவர்கள், கோவில் சொன்னவர்கள் எல்லாரும் உண்டு. நான் நிற்கும் இடத்தில் வந்து நின்று பார்த்தவன் நீ ஒருவன்தான். அன்று சாயந்திரம் என்னிடம் வந்து, கூட்டத்தில் நிற்கும்போது உனக்குப் பயமாக இருக்குமா அம்மா என்று கேட்டாய். இருக்கும் என்றேன். எனக்கும் இருந்தது என்றாய். அந்தப் பேச்சு அவ்வளவுதான். ஆனால் நான்கு வருடத்தில் இதைப் பற்றி நான் யாரோடாவது பேசிய முதல் பேச்சு அது.

காதை அடைத்துக்கொண்டு நீ ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாய். தலை அசையாமல் இருந்தால் எல்லாம் ஒரே குவியல். தலையைத் திருப்பினால், எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அதற்கேற்ப ஒன்று தெளிவாகும், ஒன்று மங்கும். அதை வைத்துக்கொண்டு எது எங்கே இருக்கிறது என்று ஒரு காதாலும் பிடித்துவிடலாம். அசையாத நாற்காலியில் உன்னை உட்கார வைத்ததுதான் தப்பு அம்மா என்றாய். உன் அப்பாவின் கான்ட்ராக்ட் ஆபீஸில் ஓரமாகக் கிடந்த சுழல் நாற்காலியை எடுத்து வந்து, சக்கரத்தைக் கழற்றி, ஆடாமல் சுற்றுகிற மாதிரி எண்ணெய் போட்டாய். அறைக்கு நடுவில் வைக்கவில்லை. கொஞ்சம் இடது சுவர்ப் பக்கமாகத் தள்ளி வைத்தாய். ஸ்பீக்கர்களைப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி வைக்காமல், நீயே ஒற்றைக் காதோடு அந்த நாற்காலியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொன்றாக நகர்த்தினாய். என்னைக் கூப்பிடவே இல்லை. சரியாகிறவரை அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னாயாம்.

உன் அப்பாவும் அதில் இறங்கிவிட்டார். அவருக்கு வீணைக்கும் வயலினுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மழைக்காலத்தில் நம் தகரக் கூரையில் மழை பேசுகிற பேச்சுக்கு நடுவில் எந்தப் பாட்டும் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். பழைய தென்னைநார் மெத்தைகளைக் கிழித்து, கூரைக்கும் பிளைவுட் சீலிங்குக்கும் நடுவில் பரப்பி அடித்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே இரண்டு ஆட்களை வைத்துச் செய்தார். நார்த் தூசியில் மூன்று நாள் தும்மிக்கொண்டிருந்தார். இப்போதும் பெருமழை பெய்தால் தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரிதான் கேட்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தாய். இந்தத் தடவை, இதுதான் சரியான இடம் என்று நீ சொல்லவில்லை. மெதுவாகத் திரும்பிக்கிட்டே கேளும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, வீணை ஆல்பத்தைப் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாய். அதற்காகவே உன்னைக் கும்பிடலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

முதலில் குவியலாகத்தான் வந்தது. காலை ஊன்றி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினேன். வீணை என் காதுக்கு நேரே வந்தது. தந்தி மட்டுமில்லை, தந்திமேல் விரல் உரசிப் போகும் சத்தம்கூட. இன்னும் திருப்பினேன். வீணை தோளுக்குப் பின்னால் போய், மிருதங்கம் முன்னால் வந்தது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால் வீணை விட்ட இடத்திலேயே இருந்தது. அது அங்கேயே இருந்தது, தம்பி. நான் திரும்பிப் போய்ப் பார்த்தால் அங்கே இருந்தது. நான்கு வருடமாக உலகத்தில் எந்தச் சத்தமும் எனக்காக ஒரு இடத்தில் நின்றதில்லை. பிறகு நீ சினிமா ஆல்பத்தைப் போட்டாய். இரண்டாவது பாட்டில் பல்லவி முடிந்தது. நான் நாற்காலியை இடது பக்கம் திருப்பினேன். ஜன்னலோரத்து ஸ்பீக்கரிலிருந்து அந்தப் புல்லாங்குழல் வந்தது. நான் எழுந்து போய் அந்தப் பெட்டியைக் கையால் தொட்டு, "இங்க இருக்கு" என்றேன். உன் அப்பா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அந்த நாற்காலி என்னுடையது. முப்பது வருடமாகக் கேட்ட ஆல்பத்தில் இதுவரை கேட்காதது எவ்வளவு இருக்கிறது தெரியுமா? சரணத்துக்கு முன்னால் அந்தப் பாடகி மூச்சு இழுப்பது. கோரஸ் பாடுகிற பெண்களில் ஒருத்தி மற்றவர்களைவிடக் கொஞ்சம் பிந்தி முடிப்பது. அவள் யார், அன்று வீட்டில் என்ன கவலையோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இரண்டு காது இருந்த காலத்தில் நான் பாட்டு கேட்டேன். இப்போது அந்தப் பாட்டுக்குள் நடந்து போய் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு வருகிறேன். இதை மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

இனி மௌமிதா. நீ அவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அந்தப் பிள்ளை மரியாதைக்காக என் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என் இடது பக்கம். மெல்லிய குரல் அவளுக்கு. அவள் என்னவெல்லாமோ பேசியிருக்கிறாள். என் புடவை நன்றாக இருக்கிறது என்றாளாம். மீன் குழம்பு எப்படி வைத்தீர்கள் என்று கேட்டாளாம். நான் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆன்ட்டிக்கு வங்காளிப் பெண் வேண்டாம், அதனால்தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு பத்துபஸ்தியில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அவள் வீட்டிலும் பேச்சு முறுகிவிட்டது. நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். ஒரே வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் ஒப்புக்கொண்டிருந்தாய். கட்டிக்கப்போகிற பெண் கைவிட்டுப் போகிற நிலைமையிலும் அந்த வார்த்தையை நீ மீறவில்லை. என்னிடம் வந்துதான் கேட்டாய். "நீ சரின்னு சொன்னா சொல்லுதேன். இல்லன்னா வேற வழி பாக்குதேன்" என்றாய். அப்பா சாயல் அப்படியே வந்தது அந்தப் பேச்சில்.

நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு அவளை வரச் சொல்லி, நேரே கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். எனக்குத் தெரிந்த டிக்கெட் கவுண்டர் இந்தியில், இந்தக் காது செத்துப்போச்சு மகளே, அன்றைக்கு நீ பேசியது ஒன்றுமே எனக்குக் கேட்கவில்லை, உன்னைப் பிடிக்காமல் இல்லை என்றேன். வெளி ஆளிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, என்னைச் சுற்றி வந்து, வலது பக்கம் நின்றுகொண்டு, அன்றைக்குப் பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் திரும்பப் பேசினாள். புடவை, மீன் குழம்பு எல்லாம். அப்புறம் தன் போனிலிருந்து அவள் அம்மாவுக்குப் பிடித்த வங்காளிப் பாட்டு ஆல்பம் ஒன்றைப் போட்டு என்னைக் கேட்கச் சொன்னாள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. எந்தப் பக்கம் ஆர்மோனியம், எந்தப் பக்கம் குரல் என்று சுற்றிச் சுற்றிக் கண்டுபிடித்துச் சொன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

அவளிடம் சொன்ன தைரியத்தில்தான் ஆபீஸிலும் சொன்னேன். மறுவாரமே இடது பக்கம் சுவர் இருக்கிற கடைசிக் கவுண்டரை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது கூட்டம் முழுக்க என் வலப்பக்கம்தான். யார் கூப்பிட்டாலும் சரியாகத் திரும்புகிறேன். இவ்வளவு சுலபமா என்று இருக்கிறது. மௌமிதாவின் வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால் பிளேன் இறங்கும்போது எல்லாரும் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து சத்தமாக, முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நான் அங்கே ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிட்டதில்லை.

புத்திமதி சொல்லாத அம்மா கிடையாது. எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எனக்குச் செய்த மாதிரியே அவளுக்கும் செய். அவள் எதற்காவது முகம் சுளித்தால், உனக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதம் பண்ணாதே. அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து பார். கோயம்புத்தூர் அவளுக்குப் புது ஊர், புது பாஷை. கடல் கிடையாது. காலையில் பால்காரர் பேசுவதுகூடப் புரியாமல் அவள் நிற்கும்போது, நீ ஒரு வாரம் காதை அடைத்துக்கொண்டு பஜாரில் நின்றதை நினைத்துக்கொள். இன்னொன்று, இது குறை. பாட்டு ஓடும்போது யாராவது வாயைத் திறந்தால் நீ கையைத் தூக்கி அடக்குகிறாய். உன் அப்பாவையே அடக்கியிருக்கிறாய். மௌமிதாவுக்குப் பாட்டு கேட்டுக்கொண்டே பேசத்தான் பிடிக்கும். பேசட்டும். பாட்டு மறுபடி போட்டால் வரும். அதோடு எதையும் சரியாக்கிவிட்டுத்தான் கூப்பிடுவேன் என்று நீயே தனியாக மல்லுக்கட்டாதே. சரியாவதற்கு முன்னாலும் கூப்பிடு. என்னையும் அப்போது கூப்பிட்டிருக்கலாம். கூடச் சேர்ந்து நகர்த்தியிருப்பேன்.

நாங்கள் தனியாக இருப்பதைப் பற்றி நீ அப்பாவிடம் கவலைப்பட்டாயாம். ஸ்பீக்கரில் ஏதாவது கோளாறு வந்தால் அம்மாவுக்கு யார் பார்ப்பார்கள் என்று கேட்டாயாம். நீ போன மாதம் புது வேலையில் சேர்ந்துவிட்டு வரக் கோயம்புத்தூர் போயிருந்தாயே, அப்போது நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணை ஆல்பத்தைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்று திரும்பும்போதே ஏதோ இடறியது. பின்னால் வலப்பக்கத்து ஸ்பீக்கர் பாடவில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் அறை நடுவில் நின்று இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான கேக்கு, ஒனக்குப் பிரம" என்றார். கிட்டே போய்க் காதை வையுங்கள் என்றேன். வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பெட்டி ஊமையாகத்தான் இருந்தது.

அவர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, பெட்டியை இறக்கித் திருப்பி வைத்தேன். பின்னால் வயர் மாட்டுகிற இடத்தில் உப்புக்காற்று பட்டுப் பச்சையாகப் பூத்திருந்தது. வயர் நுனியும் கறுத்திருந்தது. உன் அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து உப்புத்தாள் எடுத்து, பளபளவென்று வருகிறவரை தேய்த்தேன். கறுத்த நுனியைக் கத்தரித்துவிட்டு, புதிதாகச் சீவி, முறுக்கி மாட்டினேன். அவர் டார்ச் பிடித்தார். திரும்பப் போட்டோம். நாற்காலியில் உட்கார்ந்து முழுதாக ஒரு சுற்று சுற்றினேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. கையோடு மற்ற நாலு பெட்டியையும் இறக்கித் துடைத்து வைத்தோம்.

அன்று சாயந்திரம் நீ போன் பண்ணினாய். போனை எடுத்தவர் உன் அப்பா. வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று நீ கேட்டதும், நடந்ததையெல்லாம் உன்னிடம் கொட்டிவிடத் துடித்தார். சொன்னால் உடனே நீ, அந்த வயரைப் பார், இந்த ஸ்விட்சைப் பார் என்று அங்கிருந்தே ஆரம்பித்துவிடுவாய். நான் அவர் கையிலிருந்து போனை வாங்கி, வலது காதில் வைத்துக்கொண்டு சொன்னேன். "எல்லாம் கேக்குது தம்பி."

உன்
அம்மா